மாதையன் மூடாத வால்வு

1

போன செவ்வாய்க்கிழமையோடு நான் ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடம் முடிந்தது. அலுவலகத்தில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். அதன் மேல் சாக்லேட்டால் எழுதியிருந்த பெயர்: மாதையன்.

என் பெயர் பூங்கொடி. மாதையன் என் அப்பா. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டபோது 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் வந்தது. எங்கள் குடும்பத்துக்குத் தனியாக ஒரு பெயர் வைக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. சேலத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் அப்பா பெயரை அதில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் 'ஃபிராவ் மாதையன்'. அதாவது மாதையன் அம்மையார். பல் டாக்டர், தபால்காரர், கரண்ட் பில், எல்லோருக்கும் நான் மாதையன்தான். மலைமேல் நாகலூர் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கைநாட்டு வைத்துக் கூலி வாங்கிய மனிதரின் பெயரை, கோட்டு போட்டவர்கள் எழுந்து நின்று கூப்பிடுகிறார்கள். உச்சரிப்பு கொடுமை. ஆனாலும் நான் திருத்துவதில்லை. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று இருந்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆள். விமானம் ஏறிய முதல் ஆள். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். அடக்கமாக இருக்க மூன்று தலைமுறையாவது படித்திருக்க வேண்டும். எனக்கு அந்த வசதி இல்லை.

கேக்கைப் படம் எடுத்து அனுப்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் சொன்னேன். அம்மா போனில் கேட்டாள்: "ஏங் கண்ணு, உன்ற அப்பன் பேர வெட்டித்தான் எல்லாரும் திங்கறீங்களா?"

2

மகள் ஜெர்மனியில் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அம்மா "கம்ப்யூட்டருங்களுக்கு ரைட்டரு" என்கிறாள். எஸ்டேட்டில் ரைட்டர் என்பவர் காலையில் பேரேட்டைப் பிரித்து, இன்று யார் எந்தக் காட்டில் என்ன வேலை செய்ய வேண்டும் என்று வாசிக்கிறவர். இரண்டு வருடம் அம்மாவைத் திருத்திப் பார்த்தேன். பிறகு என் வேலையை அதைவிடச் சரியாக எனக்கே சொல்லத் தெரியவில்லை என்று புரிந்ததும் விட்டுவிட்டேன்.

எங்கள் கம்பெனி ரொட்டிக்கடைகளுக்கு மென்பொருள் தருகிறது. நாளைக்கு எத்தனை ரொட்டி வேண்டும் என்று ஒவ்வொரு கடையும் மாலை நான்கு மணிக்குள் தட்டிவிடும். அதைத் தொகுத்து ரொட்டி சுடும் இடத்துக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு. இதை இலேசாக நினைத்துவிடக் கூடாது. இந்த ஊர்க்காரர்கள் ரயில் தாமதமானால் பொறுத்துக்கொள்வார்கள். காலையில் ரொட்டி இல்லையென்றால் அரசாங்கத்தின் மேலேயே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இந்த வேலைக்கு இருநூறு கணினிகள். எங்களில் யாரும் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. வேறொரு பெரிய கம்பெனியின் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'கிளவுட்', அதாவது மேகம். எங்கள் மலையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, காயப்போட்ட பாவாடையை நனைத்துவிட்டுப் போகும். கண்ணால் பார்க்கலாம், வாயால் திட்டலாம். இங்கே மேகம் மாதம் பிறந்தால் பில் அனுப்புகிறது.

இருநூறு கணினிகளுக்குள்ளும் ஒவ்வொன்றாகப் போய்க் கையால் அமைத்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு கணினி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு முறை எழுதிக் கொடுத்தால், எல்லாவற்றையும் அதே மாதிரி ஆக்கிவைக்கும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் மூன்றை ஒப்பிட்டு, நம்மைப் போன்ற கம்பெனிக்கு எது பொருந்தும் என்று அறிக்கை எழுதச் சொன்னார் என் மேலாளர் மார்க்குஸ்.

"நன்றாக எழுது. இந்த அறிக்கை முடிந்ததும் உன் நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

அந்தக் கையெழுத்து எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடமாக என் வேலை வருடத்துக்கு ஒரு முறை நீட்டிக்கப்படும் வேலை. வேலை நீண்டால் விசா நீளும். நிரந்தர ஒப்பந்தம் கையில் இருந்தால் நிரந்தரமாகக் குடியிருக்க விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதற்கு ஐந்து மாதம் காத்திருந்து ஒரு நாள் வாங்கி வைத்திருந்தேன். அந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

மார்க்குஸ் கதவருகே திரும்பி, "மூன்றாவது கருவி நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்" என்றார். அந்த மூன்றாவது கருவியின் பெயர் பொறித்த தண்ணீர் பாட்டில் அவர் கையில் இருந்தது. ஏதோ கண்காட்சியில் அவர்களோடு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆக, தட்டு மாற்றிய பிறகு பெண் பார்க்கப் போகும் சடங்குக்குத்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

3

கருவிகளின் உண்மைப் பெயர்களைச் சொல்லி யாருக்கும் விளம்பரம் செய்யப் போவதில்லை. என் குறிப்பேட்டில் நான் வைத்த பெயர்களையே தருகிறேன்.

முதலாவது, மேஸ்திரி. இவர் ஒவ்வொரு கணினியின் வாசலுக்கும் தானே போவார், சாவி போட்டுத் திறப்பார், வேலையைச் சொல்வார், முடிந்ததா என்று பார்ப்பார், பூட்டிவிட்டு வந்துவிடுவார். கணினிக்குள் தன் ஆள் யாரையும் விட்டுவைக்க மாட்டார். அவருக்கு எழுதித்தரும் பட்டியலைப் புதிதாக வந்தவர்கூட அரை நாளில் படித்துப் புரிந்துகொள்ளலாம். குறை ஒன்றுதான். அவர் முதுகைத் திருப்பிய பிறகு என்ன நடக்கிறது என்பது அடுத்த முறை வரும்வரை அவருக்குத் தெரியாது. மேஸ்திரியிடம் வேலை பார்த்த யாருக்கும் அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ரைட்டர். இவர் எங்கும் போக மாட்டார். ஒவ்வொரு கணினிக்குள்ளும் தன் ஆள் ஒருவரைக் குடிவைத்துவிடுவார். அந்த ஆள் அரை மணிக்கு ஒரு முறை ஆபீசுக்கு ஓடிவந்து, "ஏனுங்க, நாங்க எப்படி இருக்கோணும்?" என்று கேட்பார். பேரேட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போய், மாறியிருப்பதை எல்லாம் யாரையும் கேட்காமல் பழையபடி ஆக்கிவிடுவார். இதனால் எதுவும் தடம் மாறாது. இவருடைய பெருமை அதுதான். இவருடைய ஆபத்தும் அதுதான். எல்லாக் கணினியிலும் இவர் ஆளை உட்கார வைக்கவே பல வாரம் ஆகும். இவர் பேசும் மொழியும் தனி.

மூன்றாவது, பங்களா. எல்லா மேகங்களும் ஒரே திரையில், பச்சை மஞ்சள் சிவப்பு விளக்குகளோடு. யார் எதைத் திறக்கலாம், எந்தக் கணினி சும்மா இருந்து வாடகை தின்கிறது, எல்லாம் தெரியும். பத்துக் கம்பெனிகளும் ஐயாயிரம் கணினிகளும் வைத்திருப்பவர்களுக்கு இது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து பார்ப்பவர் குனிந்து ஒரு களையைக்கூடப் பிடுங்க மாட்டார். அதற்குக் கீழே ஒரு மேஸ்திரியோ ரைட்டரோ வேண்டும். கணினிக்கு இவ்வளவு என்று தலைவரி வேறு. ஒருமுறை உள்ளே விட்டுவிட்டால் வெளியே அனுப்புவதும் கஷ்டம். துரைமார் போய் எத்தனையோ காலமாகியும் எங்கள் எஸ்டேட்டில் பங்களாவுக்கு மட்டும் வருடா வருடம் வெள்ளையடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். சனிக்கிழமை காலையில் வீடியோவில் பேசுவது வழக்கம். அப்போது அங்கே மதியம்.

"எத்தன ஆளு கண்ணு உனக்குக் கீழ?"

"இருநூறு மெசினும்மா."

"லீவு கேக்குமா?"

"கேக்காது."

"அப்பறம் எதுக்கு மூணு பேரு? எங்க எல்லாத்தையும் மேய்க்கறதுக்கே ஒரு மேஸ்திரிதான் இருக்கறான்."

"மேஸ்திரி போதும்னுதான் நானும் நெனைக்கறேன். எங்க மேனேசருக்குப் பங்களா வேணுமாம்."

"மேனேசருங்க என்னைக்குடி பங்களா வேண்டாம்னாங்க?"

என் அறிக்கையில் இவ்வளவு சுருக்கமான ஒரு வரி எங்கும் இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுச் சின்னராசு யாரையோ சத்தம்போட்டுக் கூப்பிட்டது போனில் கேட்டது. அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சின்னராசுதான் எஸ்டேட்டில் மோட்டார் போட்டுத் தண்ணீர் விடும் பம்பு ஆள். அப்பாவும் அவரும் பேசிப் பதினேழு வருடம் ஆகிறது. ஏதோ கோழித் தகராறு என்று எங்கள் லைன் வீட்டு வரிசையில் சொல்வார்கள். அந்தக் கோழிக் கதையை மற்றவர்களைவிட நான்தான் அதிகமாக நம்பினேன். நம்ப வேண்டிய அவசியம் எனக்குத்தான் இருந்தது.

4

ஒரு தாளில் ஒரு முத்திரை குறைந்தது என்று இடையில் ஒரு காலை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே எல்லாமே ஒழுங்கு. இயந்திரம் எண் தரும். எண் திரையில் வரும். வந்ததும் உள்ளே போனால், இந்த வேலைக்கு வேறு எண் என்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவரிடம் அவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டார்கள். அவர் நேரில் நின்றது போதவில்லை. என் புகைப்படத்தில் நான் இலேசாகச் சிரித்திருந்ததால் அது செல்லாது என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. ஐந்து வருடம் இந்த அலுவலகத்துக்கு வந்த பிறகும் எனக்குச் சிரிப்பு மிச்சம் இருக்கிறதே என்று அவருக்கு வியப்பாக இருந்திருக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனிலும் மரியாதைக்கு ஒரு 'நீங்கள்' உண்டு. நெருங்கியவர்களுக்கு அது கூடாது. எந்த வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' போட்டு வளர்ந்த ஊர்க்காரிக்கு அதை எடுப்பதுதான் கஷ்டம். வந்த புதிதில் மார்க்குஸின் நாயை, "நீங்கள் கொஞ்சம் நகர்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். மேலாளர் வீட்டு நாய்க்கும் ஒரு 'ங்க' போட்டு வைப்பது பிழைக்கத் தெரிந்தவர் செயல் என்று இவர்களுக்கு யார் சொல்வது?

இந்த மாதிரிக் கட்டுரைகளில், பிள்ளைகள் தமிழை விட்டு விலகிப் போகிறார்கள் என்று ஒரு பத்தி அழுவது முறை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. இருநூறு கணினிகள்தான். அவையும் விலகும். ஒரே பட்டியலைப் பார்த்து ஒரே நாளில் அமைத்தவை. ஒன்றில் யாரோ அவசரத்துக்கு ஒரு வரியை மாற்றுவார், இன்னொன்றில் ஒரு பழைய மென்பொருள் புதிதாகாமல் நின்றுவிடும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முகச்சாயலே இருக்காது. மென்பொருள் உலகத்தில் இதைப் பெரிய நோய் என்கிறார்கள். ரைட்டர் கருவி விற்பனையாவதே இந்தப் பயத்தால்தான்.

5

அந்தப் புகைப்பட நாளில் நான் அலுவலகம் திரும்பும்போது மதியம் ஆகிவிட்டது. அன்று ரைட்டரை இருபது கணினிகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த மூன்று கருவிகளிலுமே ஒரு நல்ல வழக்கம் உண்டு. வேலையைச் செய்வதற்கு முன், 'என்னென்ன செய்யப் போகிறாய், சொல்லு, ஆனால் செய்யாதே' என்று கேட்கலாம். ஒத்திகை மாதிரி. பத்து நிமிடம் ஆகும். ஒத்திகை பார்க்காமல் ஓட்டுவது பொறுப்பற்ற செயல் என்று என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் நானே எழுதியிருந்தேன்.

நான் ஒத்திகை பார்க்கவில்லை. பேரேட்டை எழுதியது நான். நான் எழுதியதில் என்ன தவறு இருக்கப் போகிறது?

அந்த இருபதில் ஒன்று பழைய கணினி. யூர்கன் என்று ஒரு சக ஊழியர், அறுபதைத் தாண்டியவர், ஆறு வருடத்துக்கு முன் அதில் ஒரு வரியைக் கையால் மாற்றி வைத்திருந்தார். பழைய இயந்திரம் வைத்திருக்கும் பதினான்கு கடைகளின் கணக்கு அந்த ஒரு வரியால்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது. மாற்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "கை வைக்காதே. யூர்கனைக் கேள்."

ரைட்டர் வந்தார். பேரேட்டைப் பார்த்தார். அப்படி ஒரு வரி அதில் இல்லை. அழித்துவிட்டார். குறிப்பையும் சேர்த்துத்தான். என் திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

மறுநாள் காலை பதினான்கு கடைகளில் ரொட்டி இல்லை. போனில் ஒரு கடைக்காரர் அழாத குறை. இன்னொருவர் அழவில்லை. அவர் பயன்படுத்திய சொற்கள் எனக்கு ஜெர்மன் வகுப்பில் சொல்லித்தராதவை.

மதியத்துக்குள் சரிசெய்துவிட்டோம். பழைய நகலில் இருந்து அந்த வரியைத் தேடி எடுத்தபோதுதான் அதற்கு மேல் இருந்த குறிப்பை வாசித்தேன். கை வைக்காதே. யூர்கனைக் கேள். எனக்கு இது முதல் முறை அல்ல.

6

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வால்வையோ மடையையோ வழக்கத்துக்கு மாறாக வைத்துவிட்டுப் போகிறவர் அதில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போவார். கட்டு இருந்தால் யாரும் தொட மாட்டார்கள். கட்டியது யார் என்று விசாரித்துப் போய்க் கேட்பார்கள். கட்டியவர்தான் அவிழ்ப்பார். எழுதத் தெரியாதவர்களுக்கு இது போதும்.

எழுதத் தெரிந்தவர்கள் ஒரு போர்டு வைத்திருந்தார்கள். நீலப் பெயிண்டில், 'நாற்று வால்வு மாலை ஐந்து மணிக்கு மூடப்பட வேண்டும்' என்று. எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பதினொரு வயது.

அப்போது அப்பாதான் பம்பு ஆள். மழையில் நனையாத வேலை, அட்டை கடிக்காத வேலை. மார்ச் மாதம், கடும் வெயில். கீழே சேலத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் மூன்று நாள் போனார்கள். எனக்கு முழுப் பரீட்சை என்பதால் அத்தை வீட்டில் விட்டுப் போனார்கள். போவதற்கு முன், காப்பி நாற்றுக்குத் தண்ணீர் இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடட்டும் என்று வால்வைக் கால்வாசி திறந்து வைத்து, அம்மாவின் பழைய பச்சைச் சேலையில் கிழித்த துணியைக் கட்டிவிட்டுப் போனார் அப்பா. மோட்டாரை மட்டும் போட்டு நிறுத்தச் சின்னராசுவிடம் சொல்லியிருந்தார், வால்வுப் பக்கம் அவருக்கு வேலை இல்லை. இரண்டு பேரும் அப்போது ஒரே பீடியைப் பாதி பாதி பிடிக்கும் சிநேகிதர்கள்.

அவர்கள் போன அன்றே மாலை பள்ளிவிட்டு வந்தேன். போர்டை வாசித்தேன். ஐந்து மணி தாண்டியிருந்தது, வால்வு திறந்திருந்தது. படிக்காத ஜனங்கள், என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. துணியை அவிழ்த்தேன். வால்வை மூடினேன். அன்று திரையும் இல்லை பச்சை விளக்கும் இல்லை. மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் பாதி நாற்று தலை சாய்ந்து கிடந்தது. "கட்டிட்டுத்தானுங்க போனேன்" என்றார் அப்பா. "கட்டு எங்க மாதையா?" என்று கேட்டார் எஸ்டேட் ரைட்டர். கட்டு இல்லை. 'வால்வை மூடிவிட்டு ஊருக்குப் போனது மாதையன்' என்று பேரேட்டில் எழுதினார்கள். அப்பா களை வெட்டப் போனார். பம்பு வேலை சின்னராசுவுக்குக் கிடைத்தது. கட்டை அவிழ்த்தது அவர்தான் என்று அப்பா அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தினார். கோழியெல்லாம் பிறகு வந்தது.

நான் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையை யாரும் கேட்கவும் இல்லை. கேட்காத கேள்விக்கு விடை எழுதக் கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

7

மார்க்குஸ் மகிழ்ச்சியாக இருந்தார். பதினான்கு கடைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு விதத்தில் நல்லதுதான். ரைட்டர் ஆபத்து என்று எழுது. யூர்கன் சொல்லாமல் செய்த மாற்றம்தான் காரணம் என்று எழுது. அவர் எட்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார், யாருக்கும் நஷ்டம் இல்லை. இதையெல்லாம் தவிர்க்கப் பங்களா வேண்டும் என்று முடி. நானும் உன் ஒப்பந்தத்தை முடித்துவிடுகிறேன்."

அவர் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் வசதியான ஒரு வழியைச் சொன்னார். எனக்குத்தான் அதில் அதிக வசதி.

யூர்கனைக் காப்பி இயந்திரத்துக்கு அருகில் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "என்னைக் கேட்டிருக்கலாம்" என்றார். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விபத்து நடந்தால் நிரப்ப எங்கள் கம்பெனியில் ஒரு படிவம் உண்டு. 'பொறுப்பானவர், குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். இரண்டு நாள் அதைக் காலியாக வைத்திருந்தேன். யூர்கனின் குடும்பப் பெயர் ஆறே எழுத்து. தட்ட ஒரு நொடி போதும். மூன்றாம் நாள் தட்டினேன். மாதையன்.

தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஒரு வால்வை மூடியது மாதையன் என்று ஏற்கனவே ஒரு பேரேட்டில் இருக்கிறது. இப்போது இரண்டாவது. இரண்டையும் அவர் செய்யவில்லை. செய்த ஆளுக்கு வேறு பெயர். பக்கத்தில், 'முதற்பெயர், விருப்பமிருந்தால்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ஐந்து வருடமாக நான் நிரப்பாத கட்டம். பூங்கொடி என்று தட்டினேன். 'ஒத்திகை பார்க்கவில்லை, குறிப்பை வாசிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை' என்று கீழே எழுதினேன்.

அறிக்கையையும் முடித்தேன். நம் அளவுக்கு மேஸ்திரி போதும். ரைட்டரைப் பிறகு யோசிக்கலாம், ஆனால் அதற்கு முன் கையால் மாற்றிய ஒவ்வொரு வரியையும் அதை மாற்றியவரிடம் கேட்டுப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். இனி யார் எதை மாற்றினாலும் பெயரும் காரணமும் எழுதிக் கட்டிவைக்க வேண்டும், கட்டியவரைக் கேட்காமல் யாரும் அவிழ்க்கக் கூடாது. பங்களா நமக்கு வேண்டாம்.

மார்க்குஸ் படித்தார். "மிக நேர்மையான அறிக்கை" என்றார். இந்த நாட்டில் அப்படிச் சொன்னால் நாம் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று அர்த்தம். நிரந்தர ஒப்பந்தம் வரவில்லை. இன்னொரு வருடம் நீட்டித்தார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்து அம்மா என் சிரிக்காத புகைப்படத்தைப் பாராட்டிவிட்டு, ஒரு வருட விசா ஒட்டிக் கொடுத்தார். கம்பெனி பங்களாவை வாங்கிவிட்டது. இருநூறு கணினிகளும் இப்போது வண்ண விளக்குகளாகத் தெரிகின்றன. அவற்றுக்கு வேலை சொல்ல, அடுத்த மாதம் மேஸ்திரியையும் கொண்டுவரப் போகிறார்கள்.

8

அறிக்கையைக் கொடுத்த வாரம், சனிக்கிழமை காலை, வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அப்பாகிட்டக் குடும்மா."

"என்றகிட்டச் சொல்ல மாட்டியா?"

"அவருகிட்டத்தான் சொல்லோணும்."

அப்பா போனைப் பிடித்தால் நெற்றி மட்டும்தான் தெரியும். "சொல்லு சாமி."

"அப்பா, நாத்து வால்வு ஞாபகம் இருக்குதுங்களா?"

"எந்த வால்வு?" என்றார். எந்த வால்வு என்று தெரிந்த குரல்.

"துணிய அவுத்தது நானுங்கப்பா. அஞ்சு மணிக்கு மூடோணும்னு போர்டுல எழுதியிருந்துச்சு. மூடிப்போட்டேன்."

நெற்றி திரைக்கு நெருங்கி வந்தது.

"துணிய என்ன பண்ணுன?"

"புஸ்தகப் பையி வாரு அறுந்து கெடந்துச்சு. அதுல கட்டிக்கிட்டேனுங்க."

பின்னாலிருந்து அம்மா அலறினாள். "அந்தப் பச்சத் துணியா? அதப் போயி நான் வாரா வாரம் தொவச்சுத் தொவச்சுக் குடுத்தனே!"

"நீ சித்த சும்மா இரு" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "அப்ப அவன் இல்ல."

"இல்லீங்க."

"கோழியும் இல்ல" என்றார், தனக்குத்தானே.

திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கேட்டார். "மறுநா உனக்குப் பரீச்சையில்ல?"

"ஆமாங்க. அறிவியலு."

"எத்தன வாங்குன?"

"தொண்ணூத்தாறு."

"ம்" என்றார்.

அதன் பிறகு திரையில் நெற்றி போய்க் கூரை வந்தது. பிறகு தரை, செருப்பு, வாசல் வெளிச்சம். போன் கையில் இருப்பதை மறந்துவிட்டார் என்று புரிந்தது. "எங்கீங்க கெளம்பிட்டீங்க, சோறு போட்டாச்சு!" என்று அம்மா கத்தினாள். ஒரு கோழி குறுக்கே ஓடியது. பக்கத்து வீட்டுப் படி வந்தது. செருப்பு அங்கே நின்றது. நான் கூப்பிடவில்லை, அணைக்கவும் இல்லை.

அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"சின்னராசு. ஊட்ல இருக்கியா?"

உள்ளே ஏதோ பாத்திரம் கீழே வைக்கும் சத்தம். அப்புறம் தாழ்ப்பாள்.

"யாரு, மாதையனா?" என்றது சின்னராசுவின் குரல். "என்னப்பா, தண்ணி வரலியா?"